தலைக்கணக்கும் வயதுக்கணக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளை நிறுவியவரின் பெருமைகளைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவது மரபு. வரவேற்புரை ஆற்றிய பேராசிரியர் எனக்கு மிச்சம் வைக்காமல் அதைச் செய்துவிட்டார். நேரே பொருளுக்கு வருகிறேன்.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு விந்தை இருக்கிறது. 1991இலிருந்து 2001 வரையிலான பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 11.7 சதவீதம் கூடியது. அடுத்த பத்தாண்டில் 15.6 சதவீதம் கூடியது. வேகம் தணியும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏறியிருக்கிறது. இதே காலத்தைப் பற்றித் தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்கிறது? 1992-93இல் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் தம் வாழ்நாளில் பெறும் பிள்ளைகள் சராசரியாக 2.5. 2005-06இல் அது 1.8. தாய் தந்தைக்கு ஈடாக இரண்டு பேர்கூட இல்லை. பிள்ளைப்பேறு சுருங்குகிறது, மாநிலம் பெருகுகிறது. இரண்டுமே அரசாங்கம் எடுத்த கணக்குகள். எது பொய்?

எதுவும் பொய்யில்லை. வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இந்த வளர்ச்சியில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு நம் மக்களின் வயது அமைப்பிலேயே இருந்தது. எத்தனை பேர் இருக்கிறோம் என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் பாதியைக்கூட எந்தெந்த வயதில் எத்தனை பேர் என்ற கேள்விக்குக் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடம், குடிநீர், மருத்துவமனை, ஓய்வூதியம், நாடாளுமன்றத் தொகுதி என்று எதைத் திட்டமிட்டாலும் தலையை எண்ணித்தான் திட்டமிடுகிறோம். அது போதாது என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

ஒரு குடும்பக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1960களில் ஒரு பாட்டி. அவருக்குப் பிறந்து பிழைத்தவை நான்கு; இரண்டு ஆண், இரண்டு பெண். அந்த மகள்கள் இருவரும் 1980களில் ஆளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாட்டி பெற்றது நான்கு. மகள்கள் இருவரும் சேர்ந்து பெற்றதும் நான்கு. பிள்ளைப்பேறு பாதியாகிவிட்டது, ஆனால் அந்த வீட்டில் பிறப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. இறப்போ அதைவிடக் குறைவு. ஏனென்றால் சாகிற வயதில் இருப்பது பாட்டியின் தலைமுறை. அது எண்ணிக்கையில் சிறிய தலைமுறை. ஆக, பாட்டி இருக்கிறார், மகள்கள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பேத்திகள் இருவரும் 2005 வாக்கில் ஆளுக்கு ஒன்றரைப் பிள்ளை பெறும்போதுதான் பிறப்பு நான்கிலிருந்து மூன்றாக இறங்குகிறது. ஒன்றரைப் பிள்ளையா என்று முன்வரிசையில் சிரிக்கிறார்கள். புள்ளியியலில் அதெல்லாம் பிறக்கும்.

மக்கள்தொகையியலில் இதற்கு உந்தம் என்று பெயர். நேதன் கீஃபிட்ஸ் என்ற அறிஞர் 1971இல் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தை நிலைநிறுத்தியது. வளரும் நாடொன்றில் பிள்ளைப்பேறு நாளைக் காலையிலேயே இரண்டாகக் குறைந்துவிட்டாலும் மக்கள்தொகை பல பத்தாண்டுகள் வளர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். தேர் ஓட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முட்டுக்கட்டை போட்டதும் திருவாரூர்த் தேர் அந்த இடத்திலேயே நின்றுவிடாது. உருண்ட வேகத்தில் இன்னும் கொஞ்சம் போய்த்தான் அடங்கும். நின்ற தேரை மறுபடி நகர்த்துவது அதைவிடப் பெரிய பாடு. அந்த இரண்டாவது விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

சீனாவைப் பாருங்கள். அங்கே பிள்ளைப்பேறு 1990களின் தொடக்கத்திலேயே இரண்டுக்குக் கீழே போய்விட்டது. மக்கள்தொகை குறையத் தொடங்கியதோ 2022இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 20 கோடிப் பேருக்கு மேல் கூடினார்கள். பாகிஸ்தானின் இன்றைய மக்கள்தொகை ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு குழந்தைச் சட்டம்தான் எல்லாவற்றையும் செய்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. அதுவும் சரியில்லை. 1970இல் ஆறுக்குச் சற்றே குறைவாக இருந்த சீனப் பிள்ளைப்பேறு, அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1979க்குள், மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது.

வயது அமைப்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. நம் பஞ்சாங்கத்தில் இருப்பதுபோலவே அங்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. அதில் ஓர் ஆண்டு நெருப்புக் குதிரை ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்று ஒரு மூடநம்பிக்கை. 1966 அப்படிப்பட்ட ஆண்டு. முந்தைய ஆண்டில் 18 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்த நாட்டில் அந்த ஆண்டு 13.6 லட்சம்தான் பிறந்தன. மறு ஆண்டு பழைய அளவையும் தாண்டிவிட்டது. ஓராண்டுப் பயம்தான். ஆனால் ஜப்பானின் வயதுக் கூம்பில் அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது வகுப்பு சிறியதாக இருந்தது; கல்லூரிக்குப் போட்டியிட்டபோது வரிசை குட்டையாக இருந்தது; இப்போது அறுபதைத் தொடுகிறார்கள், ஓய்வூதியம் கேட்கும் வரிசையிலும் அந்த இடத்தில் ஆள் குறைவு. அடுத்த நெருப்புக் குதிரை ஆண்டு 2026. நம் பஞ்சாங்கப்படி அது பராபவ. நம்மூரிலும் ஆடியில் கருத்தரித்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும் என்று புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நல்லவேளை, அது மாதத்தைத்தான் தள்ளிப்போடும், ஆண்டை இல்லை.

வயதைப் பார்க்காமல் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் எவ்வளவு தவறான முடிவுக்குப் போகலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுத் திட்டப் புள்ளிவிவரப்படி கேரளத்தில் ஆயிரம் பேருக்கு 7 பேர் இறந்தார்கள். பீகாரில் 5.4 பேர். அப்படியானால் பீகாரில் மருத்துவ வசதி மேலா? கேரளத்தில் முதியவர்கள் அதிகம். பீகாரில் பிள்ளைகள் அதிகம். ஒவ்வொரு வயதிலும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் கேரளத்தில்தான் ஆயுள் கெட்டி. கூட்டிப் பார்த்தால் தலைகீழாகத் தெரிகிறது. இதைப் படித்துவிட்டுத் தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் பேசுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இங்கே தரவைப் பற்றி ஒரு சொல். நம்மிடம் வயது கேட்டால் என்ன சொல்வோம்? 'அம்பது அம்பத்தஞ்சு இருக்கும்' என்போம். கணக்கெடுப்பு ஏடுகளில் 49 வயதுக்காரரும் 51 வயதுக்காரரும் அருகிப்போய் 50இல் மட்டும் கூட்டம் கூடி நிற்கும். என் தலைமுறையில் பலருக்கு மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள்; பள்ளியில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியர் ஐந்து வயதுக்குக் கணக்குப் பார்த்துப் போட்ட தேதி அது. இந்தச் சாய்வைச் சரிசெய்யும் முறைகள் உண்டு என்பதால் வயதுக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கவனமாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பிறப்பு குறைந்த கதை நீண்டது. கருத்தடையைப் பெண்ணின் விடுதலையோடு சேர்த்துப் பெரியார் பேசிய 1930கள், 1951 கணக்கெடுப்பை நடத்திவிட்டுப் பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலராக இருந்த ஆர். ஏ. கோபாலசுவாமி, 1950களின் பிற்பகுதியில் கருத்தடை அறுவைக்குக் கொடுத்த 30 ரூபாய், பின்னாளில் டியூபெக்டமி வாசெக்டமி அந்தோணி என்றே பெயர் வாங்கிய தலைமைச் செயலர் டி. வி. அந்தோணி என்று அதில் பலர் வருவார்கள். அதை விரித்துச் சொல்ல இன்று நேரமில்லை. ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். இந்தச் சாதனையின் பாரம் முழுக்கப் பெண்ணின் உடம்பில் ஏற்றப்பட்டது. 2019-21 குடும்பநல ஆய்வில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. அரை மணி நேர வேலை ஆணுக்கு. வயிற்றைக் கிழிப்பது பெண்ணுக்கு. மாநிலத்தின் புள்ளிவிவரத்தைப் பாராட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே பாராட்ட வேண்டியிருக்கும்.

விளைவு என்ன? 1971இல் தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் நூற்றுக்கு 38 பேர் அளவில் இருந்தார்கள். 2011இல் 23, 24 பேர். அறுபதைக் கடந்தவர்கள் 2011இல் 10.4. இந்தியச் சராசரி அப்போது 8.6. ஒன்றிய அரசின் தொழில்நுட்பக் குழு 2020இல் வெளியிட்ட கணிப்பில் 2036ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேர்.

இதை எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். 2011இல் நாம் 7.21 கோடி. 2036இல் சுமார் 7.8 கோடியாக இருப்போம் என்பது கணிப்பு. இருபத்தைந்து ஆண்டில் கூடுவது 60 லட்சம் பேர். பெரிதாக ஒன்றுமில்லை, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். வயதைப் பிரித்தால் வேறு படம் வருகிறது. 2011இல் 75 லட்சமாக இருந்த முதியோர் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டுகிறார்கள். முதியவர்கள் மட்டும் 85 லட்சத்துக்கு மேல் கூடுகிறார்கள். அறுபதுக்குக் கீழே இருப்பவர்கள் எண்ணிக்கையில் குறைகிறார்கள். மொத்தம் ஏறக்குறைய அசையாமல் நிற்க, உள்ளே எல்லாம் இடம் மாறுகிறது.

கணிப்பு என்றதும் சோதிடம் என்று நினைத்துவிட வேண்டாம். 2045இல் எத்தனை பேர் பிறப்பார்கள் என்பது கணிப்பு. 2045இல் யார் யாருக்கு அறுபது ஆகும் என்பது அப்படியில்லை. அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பிறந்து, படித்து, மணமுடித்து, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அரங்கில் நடுவரிசையில் இருக்கும் உதவிப் பேராசிரியர்கள் பலர் அந்தப் பட்டியலில் உண்டு.

இந்த இடமாற்றம் எப்படிச் செலவாக, வளமாக, தட்டுப்பாடாக மாறுகிறது? முதலில் நல்ல பக்கத்தைச் சொல்கிறேன்.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகள் நிறைந்த மாநிலம் இது. சோறும் சாம்பாரும் போடவே பணம் இல்லை என்று அதிகாரிகள் தயங்கிய காலம். 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பிறகு வாரம் ஒன்று, அப்புறம் இரண்டு, மூன்று என்று ஏறி, 2010இல் வாரத்துக்கு ஐந்து. இதை ஆட்சிகளுக்கிடையிலான போட்டி என்றுதான் எழுதுவார்கள், அது உண்மைதான். ஆனால் சத்துணவு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஆண்டுக்காண்டு பெருகிக்கொண்டே போயிருந்தால் எந்த ஆட்சிக்கும் இந்தத் துணிச்சல் வந்திருக்காது என்று நான் கருதுகிறேன். பொருளாதார வல்லுநர்கள் மக்கள்தொகை ஈவு என்று சொல்வதை நம் குழந்தைகள் தட்டில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அந்த ஈவின் இன்னொரு பகுதி தொழிற்சாலைகளில் இருக்கிறது. குழந்தைகள் குறைவு, முதியோர் இன்னும் பெருகவில்லை, நடுவில் உழைக்கும் வயதினர் மிகுதி என்ற நிலை ஒரு சமூகத்துக்குச் சில பத்தாண்டுகள்தான் வாய்க்கும். கொரியாவும் தைவானும் அதைப் பயன்படுத்திக்கொண்டன. நாமும் ஓரளவு பயன்படுத்திக்கொண்டோம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் முப்பது வயதில் வேலையை விடும் பெண்ணை அந்தக் கணக்கு காட்டாது. இனி அதே பெண் ஐம்பது வயதில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள மறுபடி வேலையை விடுவார்.

இப்போது வளங்கள். மக்கள் கூடினால் தண்ணீரும் மின்சாரமும் அதே விகிதத்தில் கூடுதலாக வேண்டும் என்று நினைக்கிறோம். கோயில் திருவிழாவுக்கு வரி போடும் ஊர்ப்பெரியவருக்கு இதில் நம்மைவிடத் தெளிவு உண்டு. அவர் தலையை எண்ணமாட்டார், தலைக்கட்டை எண்ணுவார். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1 கோடியே 42 லட்சம் குடும்பங்கள். 2011இல் 1 கோடியே 85 லட்சம். மக்கள் 15.6 சதவீதம் கூடினார்கள். குடும்பங்கள் 30 சதவீதம் கூடின. பிள்ளைகள் குறைந்து, மணமான இளையவர்கள் தனிக்குடித்தனம் போய், முதியவர்கள் பழைய வீட்டில் இரண்டு பேராக, பிறகு ஒருவராக நின்றுவிடுவதன் கணக்கு இது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடுப்பு, ஒரு மின் இணைப்பு, ஒரு குளிர்பதனப்பெட்டி, ஒரு மோட்டார். எட்டுப் பேருக்குச் சமைத்த எரிவாயுவில் பாதியாவது இரண்டு பேருக்கும் வேண்டும். மக்கள்தொகை நிலைத்துவிட்டால் ஆறுகளும் ஏரிகளும் தப்பித்துக்கொள்ளும் என்று நம்பும் சூழலியல் நண்பர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். வீட்டுமனைக்காக ஏரியைத் தூர்ப்பது பிறப்பு குறைந்த பிறகும் நிற்கவில்லை.

முதுமையின் தேவைகள் வேறு வகையானவை. தடுப்பூசி போட்டால் முடிந்துவிடும் நோய் குழந்தைக்கு வரலாம். முதியவருக்கு வருவது இரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுத் தேய்மானம். அவை தீராதவை, தினமும் மாத்திரை கேட்பவை. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அது உலகிலேயே மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளில் ஒன்று. அந்த வளர்ச்சிக்கு அவருடைய மேதைமை காரணம். மக்கள் கண்புரை வரும் வயதுவரை உயிரோடு இருக்கத் தொடங்கியதும் காரணம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978இல் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை வந்திருக்கிறது. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆனால் படுத்த படுக்கையாகிவிட்டவரைப் புரட்டிப்போட, குளிப்பாட்ட, மலம் துடைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் இன்று மருமகள் அல்லது மகள். அடுத்த தலைமுறையில் அந்த மகள் ஒருத்திதான். அவள் இருப்பதும் பெங்களூரில்.

முதுமை பெரும்பாலும் பெண்ணின் முதுமை என்பதையும் சொல்ல வேண்டும். கணவர் வயதில் மூத்தவர், முன்னதாகவே போய்விடுவார். மனைவிக்குச் சொத்தும் இருக்காது, ஓய்வூதியமும் இருக்காது. காமராசர் ஆட்சியில் 1962இல் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023இல் அது 1,200 ரூபாய் ஆனது. நாள் ஒன்றுக்கு நாற்பது. டீயும் மாத்திரையும் வாங்கியபின் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் இந்த இடத்தில்தான் பீகார் வருகிறது. 2011இல் பீகாரில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் நூற்றுக்கு 40 பேர். நாம் 1971இல் நின்ற இடத்தில் அவர்கள் 2011இல் நின்றார்கள். நம்மிடம் குறைகிற வயது அவர்களிடம் நிரம்பி வழிகிறது. திருப்பூர்ப் பின்னலாடை ஆலையிலும், சென்னைக் கட்டுமானத்திலும், இப்போது காவிரிப் படுகையில் நாற்று நடவிலும்கூட வடக்கத்திப் பையன்களைப் பார்க்கிறோம். கூலி குறைவு என்பதால் முதலாளி கூட்டிவருகிறார் என்பது பாதி விளக்கம். அந்த வேலையைச் செய்ய வேண்டிய நம்மூர்ப் பையன் பிறக்கவில்லை, பிறந்தவனும் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான் என்பது மறுபாதி. அவர்களைத் திட்டுகிறவர்கள் 2036இல் தங்கள் வீட்டுக் கட்டிலருகே யார் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துவிட்டுத் திட்டலாம். பீகாரிலும் இது நிரந்தரமில்லை. அங்கும் பிள்ளைப்பேறு இப்போது மூன்று, இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் இடைநிலை வயது 2011இல் 25 அளவில் இருந்தது, 2036இல் 34.5 ஆகும் என்கிறது அதே தொழில்நுட்பக் குழு. வரும் வழியை அடைத்து வைத்திருந்தால், திறக்க நினைக்கும் நேரத்தில் வருவதற்கு ஆள் இருக்காது.

அரசியலுக்கு வருவோம். 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளைகள் பெற்றுக்கொள்ளச் சொன்னார். சில நாளில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலினும் ஒரு திருமண மேடையில், பதினாறு பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்பதை நினைவூட்டி அதே திசையில் பேசினார். அவர்களுடைய கவலைக்கு நியாயம் இருக்கிறது. 1961 கணக்கெடுப்பையொட்டித் தமிழ்நாட்டின் மக்களவைத் தொகுதிகள் 41இலிருந்து 39ஆகக் குறைந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. 1976இல் 42ஆவது திருத்தம் தொகுதி எண்ணிக்கையை 1971 கணக்கோடு உறையவைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின்வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. அந்தக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. பிறப்பைக் குறைக்கச் சொன்னதைச் செய்ததற்குத் தண்டனையா என்று கேட்பது சரியான கேள்வி.

ஆனால் பிள்ளை பெறுங்கள் என்பது அதற்குப் பதிலாகாது. இன்று பிறக்கும் பிள்ளை உழைத்து வரி கட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை அதற்கும் பால் வேண்டும், பள்ளி வேண்டும். முதியோர் கூட்டம் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும் அதே இருபது ஆண்டில், கீழேயும் ஒரு பாரத்தைச் சேர்த்து நடுவில் இருப்பவர் தலையில் வைப்பதுதான் இதன் உடனடி விளைவு. அதோடு, பெறப்போகிற பெண்களே குறைந்துவிட்டார்கள். 1990களுக்குப் பின் பிறந்த சிறிய தலைமுறைதான் இப்போது தாய்மைப் பருவத்தில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு என்று அவர்கள் மனம் மாறினாலும் பிறப்பு பழைய அளவுக்கு ஏறாது. தேர் இப்போது எதிர்த்திசையில் உருளத் தொடங்கியிருக்கிறது. தென்கொரியா பிறப்பைக் கூட்டப் பல ஆண்டுகளாகப் பெரும்பணம் செலவழித்தும் 2023இல் அங்கே பிள்ளைப்பேறு 0.72க்குப் போனது. மேடையில் மணமக்களை வாழ்த்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை மக்கள்தொகைக் கொள்கை என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆட்சேபம்.

நிதிப் பங்கீட்டில் ஒரு நுட்பமான கோளாறு இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2011 மக்கள்தொகைக்கு 15 சதவீத எடையும், பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலங்களுக்கு மக்கள்தொகைச் செயல்பாடு என்ற பெயரில் 12.5 சதவீத எடையும் கொடுத்தது. பரிசு கொடுத்தார்களே என்று திருப்திப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. பரிசு கடந்தகாலத்துக்குக் கொடுப்பது. பிள்ளைப்பேறு குறைந்ததன் மறுவிளைவான முதுமைக்கு இனி ஆண்டுதோறும் ஆகப்போகும் செலவை அந்தச் சூத்திரம் எந்த இடத்திலும் எண்ணவில்லை. பிள்ளைகள் நிறைந்த மாநிலத்துக்குப் பள்ளிச் செலவையும் முதியோர் நிறைந்த மாநிலத்துக்கு மருத்துவச் செலவையும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே கோலால் அளக்கிறார்கள். வயதுக்கேற்ற தேவையைச் சூத்திரத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் பீகாருக்கும் அதில் நியாயம் கிடைக்கும், நமக்கும் கிடைக்கும். தெற்கா வடக்கா என்ற சண்டையாக அது மாற வேண்டியதில்லை.

நம் மாநிலத்துக்குள்ளேயே இதே குறை இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் 2001க்கும் 2011க்கும் இடையில் 39 சதவீதம் வளர்ந்தது. நீலகிரி மூன்றரை சதவீதம் சுருங்கியது. ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கம் பிள்ளைப்பேறு மற்ற இடங்களுக்கு முன்பே குறைந்துவிட்டது. அங்கே ஒரு கிராமத்தில் ஒன்றாம் வகுப்பில் மூன்று பிள்ளைகள் இருக்க, அதே தெருவில் அறுபது முதியவர்கள் மாத்திரைக்குப் பேருந்து ஏறுகிறார்கள். திருப்பூரில் இன்னொரு பள்ளியில் ஒடியாவும் இந்தியும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இடம் போதவில்லை. இரண்டு ஊராட்சிக்கும் அரசாணை ஒன்றுதான். காலியான வகுப்பறையில் பகல்நேர முதியோர் மையம் நடத்த எந்தத் துறையிடம் அனுமதி கேட்பது என்று ஊராட்சித் தலைவருக்கே தெரியாது. பள்ளி ஒரு துறை, சுகாதாரம் ஒரு துறை, சமூகநலம் இன்னொரு துறை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். கணக்கெடுப்பின் வயது அட்டவணைகள் வெளிவந்ததும் மாநில மொத்தத்தைத்தான் பத்திரிகைகள் போடும். நீங்கள் உங்கள் வட்டத்தின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், ஐந்து முதல் பதினான்கு, இருபதுகளில் இருக்கும் பெண்கள், அறுபதைக் கடந்தவர்கள், எண்பதைக் கடந்தவர்கள் என்று பிரித்து, பத்தாண்டு கழித்து ஒவ்வொரு பிரிவும் எங்கே போய் நிற்கும் என்று கூட்டல் கழித்தலில் போடுங்கள். கணினிகூட வேண்டாம், கோடு போட்ட தாள் போதும். பக்கத்திலேயே அந்த வட்டத்தில் இருக்கும் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், செவிலியர் எண்ணிக்கையையும் எழுதுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஆண்டுக்குச் சில முறை அது கூடத்தான் செய்கிறது. முறையில் சந்தேகம் இருந்தால் துறையில் என் முகவரி இருக்கிறது, எழுதிக் கேட்கலாம்.